கல்லுக்கோயிலின் தெற்குக் கதவு

பம்மல்,
பிப்ரவரி 11

என் அன்பு மகள் ஜாஸ்மினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் காய்ச்சல் தலைவலி இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையிலும் மாலையிலும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். தினமும் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் பாதியிலேயே உனக்கு டியூட்டிக்கு நேரமாகிவிடுகிறது, இல்லாவிட்டால் அப்பா பின்னாலிருந்து குறுக்கே பேசி என்னைக் குழப்பிவிடுகிறார். உன்னோடு வேலை பார்க்கிற ஷீபாவின் அம்மா அடுத்த வாரம் உங்கள் கால்வே ஊருக்குப் புறப்படுகிறார், அவரிடம் இட்லிப் பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன், அந்தப் பையிலேயே இதையும் வைக்கிறேன். கெசியாவின் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, மணப்பெண் ஏன் மெயின் வாசலில் வராமல் பக்கவாட்டில் வந்தாள், அந்த நேரத்தில் எல்லாரும் ஏன் அப்படி அழுதார்கள் என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்லி முடியாது. நீ அவளோடு ஒரே பெஞ்சில் படித்தவள், லீவு கிடைக்காமல் வர முடியாமல் போனவள், உனக்கு முழுவதும் தெரிய வேண்டும்.

முதலில் வீட்டு விஷயம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறது, தினமும் சங்கர் நகர் வரை நடந்துவிட்டு வருகிறார், வழியில் டீக்கடையில் வடை சாப்பிடுவதில்லை என்று சத்தியம் செய்கிறார், நான் நம்பவில்லை. மாடியில் தண்ணீர்த் தொட்டி மாற்றியாயிற்று. உன் பழைய அறையில் இப்போது அப்பா கீபோர்டு வாசிக்கப் பழகுகிறார், அக்கம்பக்கத்தார் நல்லவர்கள், ஒன்றும் சொல்வதில்லை. முழங்கால் வலிக்கு நீ சொன்ன பயிற்சியை நான் செய்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடிவதில்லை.

இனி கோயில் விஷயத்துக்கு வருகிறேன். நீ அயர்லாந்துக்குப் போன வருஷம்தான் பல்லாவரம் ரோட்டில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து கெசியாவின் அம்மா பேபிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அது உனக்குத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று நான் உனக்குச் சொன்னதில்லை. நம் கல்லுக்கோயில் முகப்பில் இருக்கிற உயரமான படிகளை நினைத்துப் பார். முதலில் சில வாரம் ஆண்கள் நாலு பேர் சேர்ந்து அவளைச் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு நாள் ஒருவருக்குக் கை வழுக்கி நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. விழவில்லை, பிடித்துவிட்டார்கள். ஆனால் சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க அவள் புடவை விலகி, அவள் இரண்டு கையாலும் யாரோ ஒருவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அடுத்த வாரத்திலிருந்து இனி யாரும் என்னைத் தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். படிக்குக் கீழே பூவரச மரத்தடியில் நாற்காலியை நிறுத்திக்கொண்டு, அங்கே கட்டியிருக்கிற ஸ்பீக்கரில் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவாள். கரெண்ட் போனால் ஸ்பீக்கரும் நின்றுவிடும். உள்ளே நாங்கள் பாடிக்கொண்டேதான் இருப்போம். வெளியே அவளுக்கு ஒன்றும் எட்டாது. பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்றவள் அவள், நினைவிருக்கிறதல்லவா.

அடுத்த வருஷம் கோயிலுக்கு நூறு வயது ஆகிறது என்பதால் என்ன செய்யலாம் என்று போன வருஷம் கமிட்டி கூடிற்று. வளைவு கட்டலாம் என்றார்கள், மணிக்கூண்டுக்குப் பெயின்ட் அடிக்கலாம் என்றார்கள். நம் போதகர் அசரியா ஐயாதான் சோலார் போடலாம் என்றார். வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம், பகலில் ஓடுகிற ஃபேனுக்கும் மைக்குக்கும் அது போதும், மிச்சத்தை வாரியத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம், ஒரு பாட்டரியும் வைத்தால் கரெண்ட் போனாலும் கவலையில்லை என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். வாழ்நாள் முழுவதும் மின்வாரிய ஆபீசில் வேலை பார்த்தவள், இதற்குக் கூடவா யோசிப்பேன். நானே முன்னால் நின்று செய்கிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாயந்திரமே பேபி வீட்டுக்குப் போனேன். அவள் கையாலேயே மோட்டாரை இயக்குகிற மாதிரி தையல் மெஷினை மாற்றி வைத்துக்கொண்டு யாருடைய ஜாக்கெட்டையோ தைத்துக்கொண்டிருந்தாள். நான் பெருமையாக, இனிமேல் கரெண்ட் போனாலும் உன் ஸ்பீக்கர் நிற்காது பேபி, மரத்தடியில் இன்னொரு பெட்டியும் கட்டச் சொல்லியிருக்கிறேன் என்றேன். அவள் மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “இன்னா மேரிக்கா, ஸ்பீக்கர் நின்னுபோவுதேன்னா நான் இத்தினி நாளா பேஜாரா கீறேன்? நீங்க பாடறது எனக்கு நல்லா கேக்குது. நான் பாடறது உங்களுக்குக் கேக்குதா?” என்றாள். மறுபடியும் துணியை மெஷினில் வைத்தபடி, “கெசியா கல்யாணத்தையும் நான் பொட்டிலதான் கேக்கணுமா?” என்றாள்.

அப்போது கெசியாவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு கிழக்குத் தாம்பரம், நல்ல மனிதர்கள். அம்மாவுக்குக் கஷ்டம் என்றால் வண்டலூரில் படியே இல்லாத மண்டபம் இருக்கிறது, அங்கேயே போதகரை வரவழைத்துத் தாலி கட்டிவிடலாம் என்று அவர்களாகவே சொன்னார்கள். கெசியாவும் சரி என்றுவிட்டாள். பேபிதான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கோயிலின் கல்லெல்லாம் பம்மல் மலையில் வெட்டியது, வெட்டியவர்களில் அவளுடைய கொள்ளுத் தாத்தாவும் ஒருவர், நம் வீட்டு முன்னோரும் அவர்களில் உண்டு. அவள் ஞானஸ்நானம் பெற்றது அங்கே, கல்யாணம் ஆனது அங்கே, கெசியா அப்பாவை அடக்கம் செய்யக் கொண்டுபோனது அங்கிருந்து. “என் பொண்ணு எதுக்கு வாடகை மண்டபத்துக்குப் போவணும், நம்ம கோயிலு கீதுல்ல?” என்று கேட்டாள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், இந்தக் கல்யாணம் கல்லுக்கோயிலில்தான் நடக்கும், பேபி உள்ளே உட்கார்ந்து பார்ப்பாள் என்று. எப்படி என்று அப்பா கேட்டார். அது எனக்கு அப்போது தெரியாது, ஆனால் நடக்கும் என்பது தெரியும்.

சோலாருக்கு இடம் பார்க்க யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. என் ஆபீசில் இருந்த சத்யநாராயணன் சாரை உனக்கு ஞாபகம் இருக்கும், தீபாவளிக்குத் தேங்காய் பர்பி கொடுத்து அனுப்புவாரே, அவர் மகள் சின்மயி இப்போது ஆர்க்கிடெக்ட், முடிச்சூரில் இருக்கிறாள். அந்த வெள்ள வருஷத்தில் அவர்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர் வந்தது, அப்போதிலிருந்து எங்கே எதைக் கட்டினாலும் நூறு கேள்வி கேட்பாள். அவள் வந்து ஏணி போட்டு ஏறிக் கூரையைப் பார்த்தாள். தேக்கு உத்திரம், பழைய சீமை ஓடு, இதற்கு மேல் பேனலை வைத்து ஆணி அடிக்க நான் சம்மதிக்க மாட்டேன் ஆன்ட்டி, ஒரே மழையில் ஒழுகும் என்று சொல்லிவிட்டாள். பிறகு தெற்குப் பக்கம் கோயில் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், நாம் சைக்கிள் நிறுத்துகிற நீளமான இடம் இருக்கிறதே, அங்கே நின்று வானத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் இது, இரும்புத் தூண் நட்டு உயரத்தில் பேனலை வைக்கலாம், கூரையைத் தொட வேண்டாம் என்றாள். சரி, சோலாருக்கு இடம் கிடைத்தது, படிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். முன்னால் படி மேல் பாதிக்குச் சிமென்ட் கொட்டிச் சரிவாக்கிவிடலாம் என்று கட்டட மேஸ்திரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னதும் அவள் முகம் போன போக்கைப் பார்த்தால் உனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

அந்தச் சிமென்ட் பேச்சுதான் சண்டையைக் கிளப்பியது. நம் யேசுதாசன் சார், ஸ்கூலில் உனக்கு டிராயிங் எடுத்தவர், கோயிலின் எந்தக் கல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்று சொல்லக்கூடியவர், அவர் காதுக்கு எட்டிவிட்டது. நூறு வருஷமாக நிற்கிற முகப்பைச் சிமென்ட் போட்டு மூட நான் உயிரோடு இருக்கும் வரை விடமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது ஜாஸ்மின். பழைய கோயில்களைப் புதுப்பிக்கிறோம் என்று டைல்ஸ் ஒட்டிப் பாத்ரூம் மாதிரி ஆக்கி வைத்திருப்பதை நாமே எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். பேபி உள்ளே வரவும் வேண்டும், அந்தக் கல் கல்லாகவே இருக்கவும் வேண்டும், இரண்டும் ஒன்றாக நடக்க வழி இருந்தாக வேண்டும் என்று எனக்குப் பட்டது.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கூட்டம். மக்கள் எல்லாரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க, போதகர் ஐயா விஷயத்தை எடுத்தார். யேசுதாசன் சார் எழுந்து பேசினார், மேஸ்திரிக்குச் சொந்தக்காரர் ஒருவர் எதிர்த்துப் பேசினார், வருஷத்துக்கு நாலு நாள் வருகிறவர்களுக்காக இவ்வளவு செலவா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பேபி வாராவாரம் வருகிறாள் என்பதே அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவர் அவளை உள்ளே பார்த்ததே இல்லையே. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவள் மரத்தடியில் தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வழி போடலாமா வேண்டாமா என்று நாங்கள் பேசுவதை அவள் பெட்டியில் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடு வழியாக நடந்தேன். போதகர் ஐயா, எங்கே போறீங்கம்மா, கூட்டம் முடியலையே என்று மைக்கிலேயே கேட்டார். “கூட்டத்துக்குத்தான் ஐயா போறேன், யாரைப் பத்திப் பேசுறோமோ அவ கீழே இருக்கா” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கி, பேபி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ஒருவரும் வரவில்லை. பேபி என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாக்கா நீ, மானத்த வாங்குற” என்றாள். அப்புறம் உன் அப்பா வந்தார், நாற்காலி இல்லாமலே. அவர் பின்னால் பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் போதகர் ஐயாவே மைக்கை வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். லேசாகத் தூறல் போட்டுக்கொண்டிருந்தது. யேசுதாசன் சார் மட்டும் மேல்படியில் நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரும் குடையை விரித்துக்கொண்டு கீழே வந்தார்.

சின்மயியையும் அன்றைக்கு வரச் சொல்லியிருந்தேன். அவள் பேனல் எங்கே வரும் என்று தெற்குப் பக்கத்தைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். பேபி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தவள், சுவரைக் காட்டி, “ஆமா, அந்தக் கதவு எதுக்கு கீது?” என்று கேட்டாள். பலிபீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு உண்டே, எப்போதும் தாழ்ப்பாள் போட்டு, உள்ளே பீரோ வைத்து மறைத்திருக்குமே, அது. எங்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. யேசுதாசன் சார்தான் சொன்னார். முன்காலத்தில் போதகர் வீடு அந்தப் பக்கம் இருந்தது, மழைக்காலத்தில் அவர் நனையாமல் உள்ளே வர வைத்த கதவு, கோயில் கட்டும்போதே வைத்தது, பின்னால் உடைத்து வைத்ததில்லை என்றார். சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டு கதவைப் பார்த்தார். சின்மயி பார்த்தாள். நானும் பார்த்தேன். பேனலுக்குக் கீழே அந்த நீளம் முழுக்கச் சரிவாக ஒரு பாதை போட்டால் அது நேராக அந்தக் கதவுக்குத்தான் போய்ச் சேரும், பேனலே அதற்குக் கூரை ஆகிவிடும், வெயிலும் படாது மழையும் படாது. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். யேசுதாசன் சார் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், “சுவத்துல இருக்கிற கல்லைத் தொடாம முடியுமாம்மா?” என்று. முடியும் சார், பாதை தன் சொந்தக் காலிலேயே நிற்கும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும், கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு இரும்புத் தகடு, நாளைக்கே வேண்டாம் என்று எடுத்தாலும் சுவர் இருந்தபடியே இருக்கும் என்றாள் சின்மயி. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு, “அப்போ சரி” என்றார். கை தூக்கச் சொன்னபோது, செலவைப் பற்றிக் கேட்டவரும் தூக்கினார்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வேலை என்று இறங்கினால் அப்படி முடிகிறதா. அக்டோபரில் தூண் நட்டார்கள், தூணையும் சட்டத்தையும் நம் தெருமுனையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அரிகிருஷ்ணன் செய்தார். பேனல் ஏறியது, மீட்டர் மாற்றுவதற்கு நானே ஆபீசுக்கு நடந்தேன், என் பழைய நாற்காலியில் இப்போது ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள், கெட்டிக்காரி. சரிவுப் பாதையை மட்டும் மேஸ்திரி, சின்மயி ஊரில் இல்லாத வாரத்தில் போட்டு முடித்துவிட்டார். ஒரு அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று அவள் படத்திலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். சைக்கிள் நிறுத்த இடம் விட வேண்டும் என்று யாரோ சொன்னார்களாம், இவர் நீளத்தைக் குறைத்து, பாதியிலேயே செங்குத்தாக ஏற்றிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேபி வந்து சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தாள். பாதி ஏறியதும் நாற்காலி பின்னால் வழுக்கத் தொடங்கியது, நானும் கெசியாவும் ஓடிப் பிடித்தோம். பின்னால் ஒரு ஆள் தள்ளினால் ஏறிவிடலாமே என்றார் மேஸ்திரி. பேபிக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். “தள்றதுக்கு ஆளு வேணும்னா நான் படியிலயே தூக்கிகினு போவ சொல்லியிருப்பேனே, இதுக்கா இவ்ளோ பேரு கை தூக்கினீங்க? இடிச்சுடு” என்றாள். போட்டு ஈரம் கூடச் சரியாகக் காயாத பாதையை இடிப்பதா என்று கமிட்டியில் முணுமுணுத்தார்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாசம்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் மண்டபத்தைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குள் கூட ஒரு நாள், இவ்வளவு பிடிவாதம் வேண்டுமா என்று தோன்றியது. பேபியின் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

அதற்குள் நவம்பர் கடைசியில் புயல் வந்தது. நம் தெருவில் இரண்டு மரம் விழுந்து கம்பி அறுந்து கரெண்ட் இல்லை. கோயிலில் மட்டும் பாட்டரியில் விளக்கு எரிந்தது. போதகர் ஐயா கேட்டைத் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் போன் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றார். பட்டறைக்காரர்கள், தோல் கம்பெனி ஆட்கள், பின் தெரு பாய் வீட்டுப் பிள்ளைகள் என்று எல்லாச் சனமும் வந்துவிட்டது, நம் கோயில் வாசலில் அவ்வளவு செருப்பை நான் கிறிஸ்துமஸுக்குக் கூடப் பார்த்ததில்லை. மதியம் அரிகிருஷ்ணன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். அவர் அம்மாவுக்கு மூச்சிரைப்பு, ஆவி பிடிக்கிற மெஷினுக்குக் கரெண்ட் வேண்டும். தள்ளுவண்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்துவிட்டார். முன்படியில் தண்ணீர் வழிகிறது, வண்டி ஏறாது. பக்கத்தில் இந்தப் புதுச் சரிவு, அதுவும் ஏற முடியாத சரிவு. அந்த அம்மா வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகிறார். கடைசியில் அரிகிருஷ்ணன் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு முன்படியிலேயே வழுக்கி வழுக்கி ஏறினார். மெஷின் ஓடி, மெல்ல அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. அப்புறம் அரிகிருஷ்ணன் வெளியே போய் அந்தச் சரிவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னா சார் இது, ஆளுங்க ஏறத்தானே போட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். கமிட்டிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதன் பிறகு இடிக்க வேண்டாம் என்று யாரும் பேசவில்லை.

டிசம்பரில் மழை விட்ட நாளெல்லாம் வேலை நடந்தது. இந்தத் தடவை சின்மயி கூடவே நின்றாள். முழு நீளத்துக்கும் போட்டு, நடுவில் நாற்காலி நின்று மூச்சு வாங்க ஒரு சமதளமும் வைத்தார்கள், சைக்கிள்களை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம், யாரும் செத்துப்போகவில்லை. கைப்பிடிக் கம்பியை அரிகிருஷ்ணன் தாமாகவே செய்து கொடுத்தார், உட்கார்ந்திருக்கிறவர் கைக்கு ஒன்று, நடக்கிறவர் கைக்கு ஒன்று என்று இரண்டு உயரத்தில். கண் தெரியாதவர்கள் காலால் உணர்வதற்கு ஆரம்பத்திலும் முடிவிலும் சொரசொரப்பான பட்டை பதித்தார்கள். நம் யேசுதாசன் சார் தினமும் காலையில் வந்து சிமென்டுக்குத் தண்ணீர் விட்டார், ஒரு துளி கல் சுவரில் தெறித்தால் துண்டை எடுத்துத் துடைப்பார். பீரோவை நகர்த்திக் கதவைத் திறக்கப் பார்த்தால் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை, அவரே உட்கார்ந்து சுரண்டி, தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டு, கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து வைத்தார். தெற்குக் காற்று உள்ளே வந்தது பார், இத்தனை வருஷம் ஃபேன் போட்டுக்கொண்டு இந்தக் கதவை மூடி வைத்திருந்தோமே என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

ஜனவரி கடைசியில் கல்யாணம். நீ வீடியோவில் பார்த்தது இதுதான். மணப்பெண் மேற்கு வாசல் வழியாகப் பாட்டோடு வருவதுதான் வழக்கம், எல்லாரும் பின்னால் திரும்பித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்க அம்மா எந்த வழியா வர்றாங்களோ நானும் அந்த வழியாத்தான் வருவேன் என்று கெசியா போதகரிடம் சொல்லியிருந்தாள், ஆர்கன் வாசிக்கிறவருக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டார்கள். தெற்கே சரிவுப் பாதையின் அடியில் பேபி வந்து நின்றாள், தானே தைத்த ரவிக்கை, மாம்பழப் பட்டுப் புடவை. பக்கத்தில் கெசியா வெள்ளைப் புடவையில். பேபி யாரையும் நாற்காலியைத் தொட விடவில்லை. இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி ஏறினாள், பொண்ணு கூடவே மெதுவாக நடந்தாள். நடுவில் சமதளத்துக்கு வந்தபோது கெசியாவின் முக்காடு சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. பேபி குனிந்து, கம்பிக்குள் விரலை விட்டு, துணி கிழியாமல் உருவி எடுத்து, “தையக்காரி வூட்டுத் துணி, அவ்ளோ சீக்கிரம் கிழியாது” என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு அந்த இரும்புத் தகட்டில் சக்கரம் ஏறிய சத்தம் கேட்டதும் உள்ளே இருந்த அத்தனை தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. முதலில் உள்ளே வந்தது பேபி, அவளுக்குப் பின்னால்தான் மணப்பெண். ஆர்கன்காரர் பதறிப்போய்ப் பாட்டை நடுவிலிருந்து ஆரம்பித்தார். பாடகர் குழு எழுந்து நின்றது, அப்புறம் ஒவ்வொரு பெஞ்சாக எல்லாரும் எழுந்தார்கள். அவள் முன்வரிசைக்கு வந்து, நாற்காலியைத் திருப்பி நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு, கோயிலை மேலேயும் கீழேயும் பார்த்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. உன் அப்பா என்னைவிட அதிகமாக அழுதார், ஆனால் வீடியோவைப் பார்த்துவிட்டு, கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்கிறார், நம்பாதே.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் பேபி மட்டும் வருவதில்லை. முழங்கால் வலிக்காரர்கள், கைக்குழந்தை வண்டிக்காரர்கள், கைத்தடி ஊன்றுகிறவர்கள் என்று பாதிச் சபை தெற்குக் கதவு வழியாகத்தான் வருகிறது, நானும்தான். முன்படி அப்படியே இருக்கிறது, யேசுதாசன் சார் அதன் வரலாற்றை ஒரு பலகையில் எழுதி வைக்கப்போகிறாராம், பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கிற எழுத்திலும் வைக்கச் சொல்லி சின்மயி கேட்டிருக்கிறாள். போன வாரம் கமிட்டித் தேர்தல் நடந்தது. பேபியையும் நிற்கச் சொன்னோம், போட்டியில்லாமலே வந்துவிட்டாள். முதல் கூட்டத்தில் போதகர் ஐயா அவளை வரவேற்று, சகோதரி பேபி நம்மிடையே வந்தது நமக்கெல்லாம் ஆசீர்வாதம், இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார். எல்லாரும் நன்றி சொல்லுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கோயிலுக்கு உள்ள வந்தாச்சு ஐயா, சந்தோசம். நாலு மணி நேரம் ஆராதனை வெச்சீங்கன்னா ஒண்ணுக்கு எங்க போறது? பின்னால கீற பாத்ரூம் கதவு இவ்ளோண்டு, என் நாற்காலி நுழையாது. அத இடிக்கறது எப்போன்னு சொல்லுங்க, நானே வந்து நிக்கறேன்” என்றாள். யேசுதாசன் சார் உடனே எழுந்தார். நான் மறுபடியும் சண்டை ஆரம்பம் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவர், “அது எண்பதுல கட்டினது, வரலாறு ஒண்ணும் இல்லை, நாளைக்கே இடிக்கலாம்” என்றார்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள் ஜாஸ்மின். நைட் டியூட்டி முடிந்து வந்ததும் தூங்காமல் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதே. நோயாளியைத் தூக்கும்போது உன் முதுகையும் நினைத்துக்கொள், அவரிடம் கேட்டுவிட்டுத் தூக்கு. மழையில் நனைந்த சாக்ஸோடு இருக்காதே. ஊறுகாய் பாட்டிலை வந்த உடனே ஃபிரிட்ஜில் வை, மூடியை நன்றாகத் திருகு. கெசியாவுக்கு வாழ்த்துச் சொல்லி நீயே ஒரு தடவை கூப்பிடு, பேபி ஆன்ட்டியிடமும் பேசு. உன் வயிறும் மனசும் நிறைந்திருக்க, நீ போகிற வழியெல்லாம் ஆண்டவர் உனக்கு முன்னால் போகட்டும், உன் கையால் தொடுகிற ஒவ்வொருவருக்கும் சுகம் உண்டாகட்டும். நூற்றாண்டு விழாவுக்குக் கட்டாயம் வர வேண்டும், லீவுக்கு இப்போதே சொல்லி வை, போன தடவை மாதிரி கடைசியில் கையை விரிக்காதே. அதற்குள் பாத்ரூம் கட்டி முடித்திருப்போம்.

முத்தங்களோடும் ஜெபத்தோடும்,
உன் அம்மா
செல்வமேரி